கைத்துப்பாக்கியும் அதன் உறையும்: அனுமதி பெற்றோர் அறிய வேண்டியவை

2025 ஆம் ஆண்டு துப்பாக்கி வேட்டுகளால் இந்நாடு மீண்டும் அதிர்ந்த ஆண்டாகும். அவ்வாண்டு பெப்ரவரி 19 ஆம் திகதி கொழும்பு புதுக்கடை நீதிமன்றத்தினுள், பிரதிவாதிக் கூண்டில் நின்ற கணேமுல்ல சஞ்ஜீவ என்பவர் சட்டத்தரணி வேடத்தில் வந்தவரால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒக்டோபர் 22 ஆம் திகதி வெலிகம பிரதேச சபைத் தவிசாளர் லசந்த விக்ரமசேகர தமது அலுவலகத்தினுள்ளேயே சுட்டுக் கொல்லப்பட்டார். இத்தகைய சம்பவம் ஒவ்வொன்றின் பின்னரும், மக்கள் பிரதிநிதிகளுக்கும் வர்த்தகர்களுக்கும் தற்காப்புக்காகக் கைத்துப்பாக்கி வழங்கப்பட வேண்டும் என்ற குரல் எழுவது வழக்கமாகிவிட்டது. திருகோணமலைத் துறைமுகப் பகுதியிலும் ஒப்பந்தக்காரர்கள், மொத்த வியாபாரிகள், அரசியல் பிரமுகர்கள் மத்தியில் இப்பேச்சு அடிபடாமல் இல்லை.

துப்பாக்கி வேண்டுமா வேண்டாமா என்று வாதிடுவோர் பலர். அது கிடைத்த பின் அதனை உடலில் எங்கே, எதற்குள், எவ்வாறு வைத்துக் கொள்வது என்று சிந்திப்போர் மிகச் சிலரே. துப்பாக்கியின் பெயரையும் விலையையும் விரல்நுனியில் வைத்திருப்பவரிடம் அதன் உறையைப் பற்றிக் கேட்டால், ‘ஏதோ ஒரு தோல் பை’ என்ற பதிலே கிடைக்கிறது. விபத்துகளிற் பெரும்பாலானவை கவனயீனத்தின் விளைவுகள் என்பதையும், அக்கவனயீனம் பல வேளைகளில் இந்தப் பையிலிருந்தே தொடங்குகிறது என்பதையும் இக்கட்டுரை எடுத்துக்காட்ட முனைகிறது.

புதுக்கடைச் சம்பவத்தில் ரிவோல்வர் நீதிமன்றத்தினுள் கொண்டுவரப்பட்ட விதத்தை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை நூல் ஒன்றின் பக்கங்கள் உள்ளே வெட்டி எடுக்கப்பட்டு, அந்தக் குழியில் ஆயுதம் பொருத்தப்பட்டிருந்தது. 1959 செப்டெம்பர் 25 ஆம் திகதி பிரதமர் எஸ்.டபிள்யூ.ஆர்.டி. பண்டாரநாயக்க றோஸ்மீட் பிளேஸ் இல்லத்தில் சுடப்பட்டபோது, ரிவோல்வர் துறவியொருவரின் காவியாடைக்குள் மறைந்திருந்தது. 1989 ஜூலை 13 ஆம் திகதி அ. அமிர்தலிங்கமும் வெ. யோகேஸ்வரனும் கொழும்பில் கொல்லப்பட்டு, மு. சிவசிதம்பரம் காயமுற்றபோது, பேச்சுவார்த்தைக்கென வந்து தேநீர் அருந்தியவர்களின் ஆடைக்குள் ஆயுதம் இருந்தது. வந்தவர்களைச் சோதனையிட வேண்டாமென்று வீட்டாரே காவலர்களிடம் கூறியிருந்தனர்.

இம்மூன்று சம்பவங்களிலும் ஒரு பொதுத்தன்மை உண்டு. கொலைஞன் ஆயுதத்தைச் சில நிமிடங்கள், மிஞ்சினால் சில மணித்தியாலங்கள் மட்டுமே சுமக்கிறான். அவனுக்கு உறை தேவையில்லை; புத்தகமோ துணியோ போதும். ஆயுதத்தைப் பத்தாண்டுகள் இடுப்பிற் சுமந்தும் ஒரு தடவையேனும் சுட நேரக்கூடாது என்று விரும்புபவருக்கே உறை தேவை. உறை பற்றிய பேச்சு மறைத்துக் கொல்வது பற்றியதன்று. சுடாமல் வைத்திருப்பது பற்றியதாகும்.

முதலில் சட்டத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். இலங்கையில் துப்பாக்கிகளை ஆள்வது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். பிற்காலத்தில் இது பல தடவைகள் திருத்தப்பட்டது. 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது. பயிர்களை யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் காக்க விவசாயி வைத்திருக்கும் வேட்டைத் துப்பாக்கிக்கான அனுமதி மாவட்டச் செயலகத்தின் ஊடாகக் கிடைக்கும். ஆனால் பிஸ்டல், ரிவோல்வர் ஆகியவற்றுக்கான அனுமதி பாதுகாப்பு அமைச்சின் கையிலேயே உள்ளது. உயிருக்கு அச்சுறுத்தல் உண்டென்பது ஏற்றுக்கொள்ளப்பட்டாலன்றி அது கிடைப்பதில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்களில் உள்ளதுபோல, விரும்பிய எவரும் கடையில் வாங்கிச் சட்டைக்குள் மறைத்துச் செல்லும் உரிமை இங்கு எவருக்கும் இல்லை. அனுமதிப்பத்திரம் ஒவ்வோர் ஆண்டும் டிசெம்பர் 31 ஆம் திகதியுடன் காலாவதியாகும். அது ஆளுக்குரியது, மகனிடமோ மைத்துனரிடமோ சாரதியிடமோ ‘கொஞ்ச நேரம் வைத்திரு’ என்று கொடுப்பதற்கு உரியதன்று.

கொடுத்த அனுமதியை அரசு திரும்பப் பார்க்கவும் கூடும். தற்காப்புக்கென வழங்கப்பட்ட துப்பாக்கிகள் யாவற்றையும் மீளாய்வுக்காக 2024 நவம்பர் 7 ஆம் திகதிக்கு முன்னர் ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு பணித்தது. பின்னர் கால அவகாசம் நீடிக்கப்பட்டது. அவ்வேளையில் அலுமாரியைத் திறந்து பார்த்த சிலருக்குத் துரு ஏறிய இரும்பும் பூஞ்சணம் பிடித்த தோலுமே காட்சியளித்திருக்கும் என்று ஊகிப்பதில் தவறில்லை.

ஒப்படைக்கப்பட்ட ஆயுதம் யாருடைய பொறுப்பில் இருந்தது என்ற வினா எத்தனை ஆண்டுகளின் பின்னரும் எழலாம். முன்னாள் அமைச்சர் டக்ளஸ் தேவானந்தா 2025 டிசெம்பர் 26 ஆம் திகதி குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினரால் கைது செய்யப்பட்டதை வாசகர்கள் அறிவர். அவரது பாதுகாப்புக்கென 2001 ஆம் ஆண்டு இராணுவம் வழங்கிய துப்பாக்கியொன்று, 2019 இல் பாதாள உலகப் புள்ளி ஒருவரிடம் நடத்தப்பட்ட விசாரணையின்போது மீட்கப்பட்டது என்பதே பொலிஸார் கூறிய காரணமாகும். அவ்விடயத்தின் சரி பிழையை நீதிமன்றமே தீர்மானிக்க வேண்டும். அதுபற்றி இங்கு கருத்துக் கூறுவது முறையன்று. நாம் கவனிக்க வேண்டியது கால இடைவெளியை மட்டுமே. பெற்றுக்கொண்ட ஒரு கைத்துப்பாக்கிக்காக இருபத்து நான்கு ஆண்டுகளின் பின்னர் ஒருவரிடம் கணக்குக் கேட்கப்படுகிறது.

திருகோணமலையில் இவ்விடயத்தைப் பேசும்போது, வேறெந்த ஊரிலும் இல்லாத ஒரு கூச்சம் வந்து குறுக்கிடுகிறது. 2002 பெப்ரவரி 22 ஆம் திகதி கைச்சாத்தான போர்நிறுத்த உடன்படிக்கையின் கீழ், அரசியற் பணிக்காக வருவோர் ஆயுதமின்றியே வரவேண்டும் என்றும், துணைக் குழுக்களிடமிருந்து ஆயுதங்கள் களையப்பட வேண்டும் என்றும் எழுதப்பட்டிருந்தது. எழுத்தில் அவ்வாறிருக்க, பெருந்துவக்குகள் மௌனித்த அந்த ஆண்டுகளில் கைத்துப்பாக்கி பேசத் தொடங்கியது. ‘பிஸ்டல் குழு’ என்பது பேச்சுவழக்குச் சொல்லானது. பத்திரிகைகளில் ‘இனந்தெரியாத ஆயுததாரிகள்’ என்ற சொற்றொடர் நாள்தோறும் அச்சேறியது. அச்சுக் கோப்போருக்கு அதனைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்வதே சலிப்பாயிருந்த காலம் அது. பஸ் நிலையத்திலும் சந்தையிலும் நின்ற மக்கள் எதிரே வருபவரின் முகத்தைப் பார்க்குமுன் சட்டையின் கீழ்விளிம்பைப் பார்க்கப் பழகினர். வெளியே விடப்பட்ட சட்டையும், அதன் ஒரு பக்கத்தில் சிறு புடைப்பும் தெரிந்தால் அப்பாற் செல்ல வேண்டுமென்பது பள்ளிச் சிறுவனுக்கும் தெரிந்த பாடமாயிற்று.

அந்த ஊரின் பட்டியல் நீண்டது. 1987 நவம்பரில் முன்னாள் பிரதியமைச்சர் ஏ.எல். அப்துல் மஜீத் சுட்டுக் கொல்லப்பட்டார். 1997 ஜூலை 5 ஆம் திகதி பாராளுமன்ற உறுப்பினர் அ. தங்கத்துரை ஸ்ரீ சண்முகா இந்து மகளிர் கல்லூரி வைபவத்தின்போது கொல்லப்பட்டார். 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் குண்டு வெடித்து இறந்தார்கள் என்ற கூற்றைப் பொய்யாக்கி, துப்பாக்கிச் சூட்டினால் இறந்ததைக் காட்டிய புகைப்படங்களை எடுத்த ஊடகவியலாளர் எஸ். சுகிர்தராஜன் அதே மாதம் 24 ஆம் திகதி சுட்டுக் கொல்லப்பட்டார். ஏப்ரல் 7 ஆம் திகதி வன்னியசிங்கம் விக்னேஸ்வரனும் நகரிலேயே சுடப்பட்டு இறந்தார். தமிழர், முஸ்லிம் என்ற வேறுபாடின்றி எல்லா வீடுகளிலும் இழவு விழுந்த ஊர் இது. ஆகவே இங்கு மறைத்துக் கொண்டு செல்லும் துப்பாக்கி, அனுமதிப்பத்திரம் உள்ளதாயினும், பிறர் கண்ணிற் பட்ட கணத்தில் பழைய அச்சத்தை எழுப்பிவிடும். அனுமதி பெற்றவர் அதனைக் காட்டிக்கொள்ளாதிருப்பது இங்கு வெறும் தந்திரமன்று, அயலவர்க்குச் செய்யும் மரியாதையுமாகும். சீருடையாளரின் இடுப்பில் மூடியுள்ள பெரிய உறை வெளியே தெரிவதற்குக் காரணம் உண்டு. அது ஓர் அறிவித்தல் போன்றது. சாதாரண உடையில் இருப்பவருக்கு அத்தகைய அறிவித்தல் தேவையில்லை.

இனி உறைக்கு வருவோம். நல்ல உறைக்குரிய முதல் இலக்கணம், விசையையும் அதனைச் சுற்றியுள்ள காப்பு வளையத்தையும் முற்றாக மூடியிருப்பதாகும். இது ஒன்று இல்லையேல் ஏனைய சிறப்புகள் எல்லாம் இருந்தும் பயனில்லை. தற்காலப் பிஸ்டல்களிற் பலவற்றுக்கு, குறிப்பாகக் கிளொக் வகைக்கு, பெருவிரலாற் தள்ளும் பாதுகாப்புப் பூட்டுக் கிடையாது. விசையை அழுத்தினால் வெடிக்கும். அங்கே உறையே பூட்டு. 2008 நவம்பர் 29 ஆம் திகதி நியூயோர்க் நகரில் பிளாக்சிகோ பரஸ் என்ற புகழ்பெற்ற அமெரிக்கக் காற்பந்தாட்ட வீரர், உறையின்றிக் கிளொக் ஒன்றைத் தமது காற்சட்டையின் இடுப்பில் செருகிக்கொண்டு கேளிக்கை விடுதிக்குச் சென்றார். அது நழுவிக் காலின் வழியே இறங்க, பிடிக்கப்போன கை விசையிற் பட்டது. தமது தொடையையே சுட்டுக்கொண்ட அவர், அந்நகரில் செல்லுபடியாகும் அனுமதிப்பத்திரம் இல்லாத காரணத்தால் இரண்டாண்டுச் சிறைத்தண்டனையும் பெற்றார். அவர் அணிந்திருந்தது நாடாவால் இறுக்கும் தளர்வான காற்சட்டை. நம்மவர் சாரத்தின் மடிப்பில் செருகுவதும் அதே ஆபத்துத்தான். இன்னும் ஒரு படி கூடியது என்றும் சொல்லலாம்.

இரண்டாவது இலக்கணம் பிடிப்பு. குனிந்தாலும் ஓடினாலும் விழுந்தாலும் ஆயுதம் உறையை விட்டு வெளியேறலாகாது. பெருவிரலாற் தட்டித் திறக்கும் வார் வைத்த உறைகள் உண்டு. ஆணியைத் திருகி இறுக்கத்தைக் கூட்டிக் குறைக்கும் பிளாஸ்டிக் உறைகளும் உண்டு. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. ரவைக்கூட்டைக் கழற்றி, குழலினுள்ளும் ரவை இல்லையென்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்து, ஆயுதத்தை உறையிலிட்டு, மெத்தையின் மேல் தலைகீழாகப் பிடித்து உதறிப் பாருங்கள். விழுந்தால் அவ்வுறை உங்களுக்கு உதவாது.

மூன்றாவது, உறையின் வாய். ஆயுதத்தை வெளியே எடுத்த பின்னும் வாய் திறந்தபடியே நிற்க வேண்டும். மென்மையான தோலோ துணியோ எடுத்தவுடன் சுருங்கிவிடும். மறுபடி வைக்க இரு கைகள் தேவைப்படும், குழலின் முன்னே ஒரு கையை நீட்டவும் நேரும். பல ஆண்டுகள் பாவித்துத் தளர்ந்த தோலின் விளிம்பு மடிந்து காப்பு வளையத்தினுள் நுழைந்து, ஆயுதத்தைத் திணிக்கும்போது விசையை அழுத்தியதால் நேர்ந்த விபத்துகள் உண்டு. பாட்டனார் பாவித்த பழைய உறை என்று பெருமையுடன் கட்டிக்கொள்வோர் இதனைக் கருத்தில் எடுத்தல் நன்று. பொதுவாகவே, ஆயுதத்தை எடுக்கும் வேளையைவிட மீண்டும் வைக்கும் வேளையே ஆபத்தானது. எடுப்பதற்கு அவசரம் இருக்கலாம். வைப்பதற்கு எந்த அவசரமும் கிடையாது. விரலை விசைக்கு அப்பால் நீட்டி, சட்டையின் ஓரத்தை மறுகையால் விலக்கி, கண்ணாற் பார்த்து, மெதுவாகவே வைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நம் மரபுகளை நினைவுகூர்வது பொருத்தமானது. பள்ளிவாசல் வழியாகவோ சந்தை வழியாகவோ அம்புகளுடன் செல்பவர் அவற்றின் கூர்முனைகளைக் கையாற் பிடித்துக் கொள்ள வேண்டும் என்ற நபி மொழி, ஹதீஸ் தொகுப்புகளிற் காணப்படுகிறது. பிறருக்குச் சிறு கீறலும் நேரக்கூடாதென்பதே அதன் நோக்கமாகும். உருவிய வாளை ஒருவர் கையில் கொடுப்பதும் தடுக்கப்பட்டுள்ளது. பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்னர் சொல்லப்பட்ட அவ்விதியும் இன்று துப்பாக்கிப் பயிற்சியாளர் சொல்லும் விதியும் ஒன்றே. தமிழிலும் ‘உறை’ என்ற சொல் வாளுக்குரிய கூட்டைக் குறித்துவந்த பழஞ்சொல். ஓர் உறையில் இரண்டு கத்தி தங்காது என்பார்கள். துப்பாக்கி விடயத்தில் அதனை வேறுவிதமாகவும் எடுத்துக்கொள்ளலாம்: ஒவ்வோர் உறையும் ஒரு குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிக்கென அளவெடுத்துச் செய்யப்பட வேண்டும். பிரவுணிங்குக்குச் செய்த உறையில் பெரெட்டாவை வைத்தால், ஒன்றில் அது இறுகும், அன்றேல் ஆடும். ‘எல்லாவற்றுக்கும் பொருந்தும்’ என்று விற்கப்படும் துணி உறைகள் எதற்கும் சரியாகப் பொருந்துவதில்லை.

வசதி என்ற விடயம் இவற்றுக்குப் பின்னரே வருகிறது. ஆனால் அது அலட்சியம் செய்யத்தக்கதன்று. ரவை நிரப்பிய கிளொக் 17 ஏறத்தாழ 900 கிராம் எடையுள்ளது. பழைய வெப்ளி ரிவோல்வர் வெறுமையாகவே ஒரு கிலோவைத் தாண்டும். ஒரு கிலோ சீனியை இடுப்பின் ஒரு பக்கத்திற் கட்டிக்கொண்டு காலை முதல் இரவு வரை கடையில் இருந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். உறுத்தும் உறையை எவரும் நீண்ட நேரம் அணியமாட்டார். முதல் நாள் இடுப்பில் இருக்கும். இரண்டாம் வாரம் கடை மேசையின் இழுப்பறைக்குப் போகும். பிறகு காரின் முன்பெட்டிக்கும், தலையணைக்குக் கீழும் போகும். அங்கிருந்து குழந்தையின் கைக்கோ வேலையாளின் கைக்கோ எட்டுவதற்கு அதிக தூரமில்லை. ஆகவே வசதியான உறை என்பது சொகுசன்று. ஆயுதம் உரியவரை விட்டுப் பிரியாதிருப்பதற்கான நிபந்தனையாகும்.

வசதியின் பாதி உறையில் இல்லை, அதைத் தாங்கும் இடுப்புப்பட்டியில் இருக்கிறது. மெல்லிய அலங்காரப் பட்டி எடையைத் தாங்காது. உறை வெளிப்புறமாகச் சரியும், சட்டை புடைக்கும், நாரி நோகும். தடித்த, இரட்டைத் தோல் வைத்துத் தைத்த, ஒன்றரை அங்குல அகலமுள்ள பட்டி வேண்டும். நம் ஊர் முதிய முஸ்லிம் வியாபாரிகள் சாரத்தின் மேல் அணியும் காசுப்பை வைத்த அகன்ற பட்டி இதற்கு உதவும் என்று சிலர் எண்ணுகின்றனர். அது உதவாது. அது பணத்தை வைப்பதற்கானது; ஆயுதத்தைத் தாங்குவதற்கான விறைப்பு அதில் இல்லை. உண்மையில் சாரமோ வேட்டியோ அணிந்து கைத்துப்பாக்கியைப் பாதுகாப்பாக எடுத்துச் செல்வதற்கு வழியே இல்லை என்பதுதான் எமது கருத்து. துப்பாக்கி அணிய வேண்டியவர் பட்டி கோக்கும் காற்சட்டையை அணிந்தே ஆக வேண்டும்.

உடலில் எவ்விடம் பொருத்தம் என்பது ஆளுக்காள் வேறுபடும். வலக்கையர்க்கு வலது இடுப்பெலும்பின் சற்றுப் பின்புறமே பெரும்பாலோர்க்கு ஏற்ற இடம். காற்சட்டையின் உட்புறத்தில் அணியும் உறை சட்டைக்குள் நன்கு மறையும்; ஆனால் காற்சட்டையின் இடுப்பளவு ஓரிரு அங்குலம் கூட இருக்க வேண்டும். அடிவயிற்றின் முன்புறம் வைப்பது இளைஞர்களிடம் பரவியுள்ள முறை. உட்காரும்போது வயிற்றை அழுத்துவதோடு, தவறு நேர்ந்தால் குண்டு பாயும் திசை தொடையின் பெருநாடியாகும். முதுகின் நடுவில் வைப்பது பார்ப்பதற்கு நேர்த்தி. மல்லாக்க விழுந்தால் முள்ளந்தண்டுக்குக் கேடு. தோளில் மாட்டும் உறை திரைப்படங்களிற் பிரசித்தமானது, அதனை மறைக்க மேலங்கி வேண்டும். எமது வெயிலில் மேலங்கி அணிபவரை ஊரே திரும்பிப் பார்க்கும்.

வெயில் என்றதும் இன்னொன்று. திருகோணமலையில் வைகாசி தொடக்கம் கச்சான் காற்று அனலை வாரி வீசும். பின்னர் ஐப்பசி, கார்த்திகையில் மாரி மழை. ஆண்டு முழுவதும் கடலின் உப்பு காற்றில் உண்டு. வியர்வையும் உப்பே. உடலோடு ஒட்டிய இரும்பில் இவ்விரு உப்புகளும் சேர்ந்தால் துரு விரைந்து ஏறும். தோல் உறை உடலுக்கு இதமானது, ஓசையற்றது, நாளடைவில் உடலின் வளைவுக்கு இணங்குவது. ஆனால் ஈரத்தை உறிஞ்சி வைத்திருப்பது. ஆகவே தோல் உறையினுள் ஆயுதத்தை வைத்தபடியே நாட்கணக்கில் சேமிப்பதைப் போன்ற தவறு வேறில்லை. கைடெக்ஸ் எனப்படும் விறைப்பான பிளாஸ்டிக் தகடு முதலில் விமானங்களின் உட்புறத்துக்கென உருவானது. இன்று உலகெங்கும் துப்பாக்கி உறைகள் அதனாற் செய்யப்படுகின்றன. அது வியர்வையை உறிஞ்சாது, வாய் சுருங்காது, கழுவித் துடைக்கலாம். உடலில் உறுத்துவதே அதன் குறை. இதற்காக உடலின் பக்கம் தோலும் வெளிப்பக்கம் கைடெக்ஸும் வைத்த கலப்பு உறைகள் வந்துள்ளன. எமது காலநிலைக்குக் கைடெக்ஸே ஏற்றது என்பது எமது துணிபு. உள்ளே ஒரு பருத்திப் பெனியனை அணிந்து, உடற்பக்கத்தில் சற்று உயர்ந்த வியர்வைத் தடுப்பு உள்ள உறையைத் தெரிந்தால் உறுத்தலும் பெருமளவு குறையும். எதுவாயினும் இரவில் ஆயுதத்தை வெளியே எடுத்துத் துடைத்து, மெல்லிய எண்ணெய் பூசி, உறையைத் தனியே காற்றாட விட வேண்டும்.

வணக்கத் தலங்களின் விடயம் நம்மவர்க்கே உரிய சிக்கலாகும். மேற்சட்டை களைந்து உட்செல்லும் கோயிலில் இடுப்பிலுள்ள எதுவும் மறையாது. தொழுகையில் குனிந்து நிமிர்ந்து நெற்றி நிலத்திற் படும்போது, பின்னால் நிற்பவரின் கண்ணெதிரே சட்டை மேலேறும். தளர்ந்த உறையாயின் ஆயுதம் விரிப்பில் விழும். அச்ச வேளைத் தொழுகையில் ஆயுதம் தரித்திருப்பது பற்றிக் குர்ஆனின் நான்காம் அத்தியாயத்தில் கூறப்பட்டிருப்பது போர்க்களத்துக்குரியது; வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குரியதன்று. சரி, வாகனத்தில் வைத்துவிட்டுப் போகலாமே என்றால், வாகனமும் ஆயுதமும் ஒருசேரக் களவு போவதற்கு அதைவிடச் சிறந்த வழி இல்லை. வழிபாட்டுக்குச் செல்லும் நாளில் வீட்டிலுள்ள இரும்புப் பெட்டகத்திற் பூட்டிவிட்டுச் செல்வதே ஒழுங்கு. மலசலகூடத்தையும் இங்கே சொல்லாமல் விடமுடியாது. பட்டியை அவிழ்த்தவுடன் உறை சரிந்து ஆயுதம் நிலத்தில் விழுவதும், எடுத்து அருகில் வைத்தவர் மறந்து வெளியேறுவதும் உலகெங்கும் பொலிஸாருக்கே நேர்ந்துள்ளன. உறையோடு சேர்த்துக் கழற்றாமல், உறையிலிருந்து எடுக்காமல், காற்சட்டையின் மடிப்பினுள்ளேயே இருத்திக்கொள்ளப் பழக வேண்டும்.

கைப்பையில் வைப்பது பெண்களுக்கு வசதி என்று விளம்பரங்கள் கூறுகின்றன. 2014 டிசெம்பர் 30 ஆம் திகதி அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பேரங்காடியொன்றில் இரண்டு வயது மகனுடன் சென்ற இளம் தாய் ஒருவர் கொல்லப்பட்டார். துப்பாக்கி வைப்பதற்கெனவே தனியறை அமைந்த கைப்பையை அவர் வைத்திருந்தார். குழந்தை அதைத் திறந்து, ஆயுதத்தை எடுத்துச் சுட்டுவிட்டது. உடலோடு இணையாத உறை உறையாகாது என்பதற்கு இதைவிடத் துயரமான சான்று தேவையில்லை.

வீட்டில் ஆயுதத்தைக் கழற்றும் வேளையும் அவ்வாறே ஆபத்தானது. 2024 ஒக்டோபர் 1 ஆம் திகதி அதிகாலை, மும்பையில் இந்தி நடிகர் கோவிந்தா பயணம் புறப்படும் அவசரத்தில் தமது அனுமதி பெற்ற ரிவோல்வரை அலுமாரியில் வைக்க முற்பட்டபோது அது கை நழுவி விழுந்து வெடித்தது. குண்டு அவரது காலிற் பாய்ந்தது. பழைய ரிவோல்வர்களிற் பலவற்றில், சுத்தியல் அடிபட்டால் ரவை வெடிப்பதைத் தடுக்கும் அமைப்பு இல்லை. ஆதலால் சுத்தியலின் நேர்கீழ் வரும் அறையை வெறுமையாக வைத்துக்கொள்வது அக்கால வழக்கம். அத்தகைய பழைய ஆயுதம் உள்ளவர்கள் இன்றும் அதனைக் கைக்கொள்ளலாம்.

உறையை வாங்கியவுடன் அணிந்துகொண்டு கடைத்தெருவுக்குப் புறப்படுவதும் தவறு. வெற்று ஆயுதத்துடன் இரண்டு வாரங்களாவது வீட்டிற்குள் அணிந்து, நாற்காலியில் இருந்து, மோட்டார் சைக்கிளில் ஏறி இறங்கி, குனிந்து செருப்பை மாட்டிப் பார்க்க வேண்டும். முச்சக்கர வண்டியின் ஒடுங்கிய ஆசனத்தில் அமரும்போது எங்கே குத்துகிறது என்று கவனிக்க வேண்டும். மூதூருக்குப் படகில் செல்பவர் படகு ஆடும்போது கை தானாகவே இடுப்புக்குப் போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அடிக்கடி இடுப்பைத் தொட்டுப் பார்க்கும் கை, மறைத்து வைத்ததை ஊருக்குச் சொல்லிவிடும். தொடத் தோன்றாத உறையே சரியான உறை. இரண்டு வாரங்களின் பின்னரும் உறுத்தினால் உறையை மாற்றலாம், பட்டியை மாற்றலாம், இடத்தை மாற்றலாம். மூன்றையும் மாற்றிய பின்னரும் நாள் முழுவதும் அணிய முடியவில்லையெனில், ஆயுதத்தை வைத்திருக்கும் தகுதி குறித்தே அவர் மீளச் சிந்தித்து, பாதுகாப்பு அமைச்சுக்கு எழுதி அதனைத் திருப்பி ஒப்படைத்துவிடுவது நல்லது.

கடைசியாக, பலரும் எண்ணிப் பாராத ஒரு விடயம். அனுமதிப்பத்திரதாரர் காலமானால் அவரது கைத்துப்பாக்கி பிள்ளைகளுக்குச் சொத்தாக இறங்குவதில்லை. துக்கத்தில் மூழ்கிய குடும்பம் அலுமாரியைப் பல மாதங்கள் திறப்பதில்லை. திறக்கும்போது கையில் அகப்படுவது அனுமதியற்ற ஆயுதமாகிவிடுகிறது. ஆகவே ஆயுதம் இருக்கும் இடத்தையும், பெட்டகத்தின் திறப்பையும், அனுமதிப்பத்திரத்தின் பிரதியையும் வீட்டில் பொறுப்புள்ள ஒருவருக்கு முன்கூட்டியே அறிவித்து வைக்க வேண்டும். மரணம் நேர்ந்தால், அவர் ஆயுதத்தைத் தாமாக எடுத்துச் செல்லாமல், பொலிஸ் நிலையத்துக்கு அறிவித்து, அதிகாரி வந்து பொறுப்பேற்கும் வரை உறையிலிருந்து எடுக்காது பெட்டகத்திலேயே பூட்டி வைத்திருத்தல் வேண்டும். ஒப்படைத்தமைக்கான பற்றுச்சீட்டையும் கேட்டுப் பெற்றுக்கொள்ள வேண்டும்.